ராம் சிப்புக்குள்ள க்ளாக் எப்படி சிங்க் ஆகுது? டிஎல்எல், ஸ்ட்ரோப், ட்ரெய்னிங் பத்தி கொஞ்சம் விலாவாரியா

ராம் ஸ்டிக்கர்ல டிடிஆர்4 3200னு போட்டிருக்கும், அந்த 3200 க்ளாக் ஸ்பீடு இல்ல, க்ளாக் 1600 மெகாஹெர்ட்ஸ்தான், ஒரு சைக்கிளுக்கு ரெண்டு தடவ டேட்டா போறதால 3200னு போடுறாங்க. இதுவரைக்கும் நிறைய பேருக்குத் தெரியும். இதுக்கு அடுத்த கணக்குதான் சுவாரஸ்யமானது. 1600 மெகாஹெர்ட்ஸ்னா ஒரு சைக்கிள் 625 பிக்கோசெகண்ட், ஒரு பிட்டுக்குக் கிடைக்கிற நேரம் அதுல பாதி, 312.5 பிக்கோசெகண்ட். ஆனா க்ளாக் சிக்னல் மெமரி சிப்போட பின்னுல நுழைஞ்சு, உள்ள இருக்கிற ரிசீவர், பஃபர் எல்லாம் தாண்டி, டேட்டாவ வெளிய தள்ளுற டிரைவர் வரைக்கும் போய்ச் சேரவே ஆயிரம் பிக்கோசெகண்டுக்கு மேல ஆகிடும். அதாவது க்ளாக் அடிச்சது அந்த டிரைவருக்குத் தெரியவரும்போது வெளிய மூணு பிட்டுக்கு மேலான நேரமே ஓடிப்போயிருக்கும். இருந்தும் டேட்டா வெளிய வரும்போது க்ளாக் எட்ஜோட (சிக்னல் ஏறுற, இறங்குற அந்த இடத்தோட) ஒட்டிக்கிட்டு கரெக்டா வருது. எப்படி? லேட்ட யாரும் சரி பண்ணல, எவ்ளோ லேட்டுன்னு அளந்து வெச்சு சமாளிக்கிறாங்க. கடந்த முப்பது வருஷ மெமரி டிசைன்ல பாதி கதை இதுதான்.

ஆரம்பத்துல இந்தத் தலைவலியே கிடையாது. 70கள்ல இருந்து 90கள் நடுப்பகுதி வரைக்கும் பிசில மெயின் மெமரியா இருந்த டிராம் சிப் எல்லாம் அசிங்க்ரனஸ், அதுக்குன்னு க்ளாக் பின்னே இல்ல. ராஸ், காஸ்னு ரெண்டு கன்ட்ரோல் லைன் இருக்கும், முதல்ல ரோ (வரிசை) அட்ரஸ் கொடுத்து ராஸ இறக்குவாங்க, அப்புறம் காலம் (நெடுவரிசை) அட்ரஸ் கொடுத்து காஸ இறக்குவாங்க, அப்புறம் காத்திருப்பாங்க. 60 நானோசெகண்ட் ராம், 70 நானோசெகண்ட் ராம்னு அப்போ வித்தது இந்தக் காத்திருக்கிற நேரத்தத்தான். மெமரிய ஓட்டுற கன்ட்ரோலர் நல்லா மார்ஜின் விட்டு டேட்டாவ எடுத்துக்கும், யாரும் யாரோடயும் சிங்க் ஆகத் தேவையில்ல.

ப்ராசஸர் வேகமாக வேகமாக இது பத்தல. சாம்சங் 1992ல 16 மெகாபிட் எஸ்டிராம், அதாவது சிங்க்ரனஸ் டிராம் சிப்பக் கொண்டு வந்தாங்க, 1993ல ஜெடெக் (மெமரிக்கு ஸ்டாண்டர்டு போடுற அமைப்பு) அதை ஸ்டாண்டர்டா ஆக்கினாங்க. இப்போ மெமரிக்கும் ஒரு க்ளாக் பின் வந்துடுச்சு, கமாண்ட், அட்ரஸ், டேட்டா எல்லாமே ஏறுற எட்ஜ்ல, ஒரு கமாண்ட் முடியுறதுக்குள்ள அடுத்தத உள்ள தள்ளலாம், பைப்லைன் மாதிரி. ஆனா பிசி100, பிசி133 (100, 133 மெகாஹெர்ட்ஸ் எஸ்டிராம்) டேட்டாஷீட்ட எடுத்துப் பாத்தா பிரச்சினை எங்க ஆரம்பிக்குதுன்னு அப்பட்டமா தெரியும். பிசி100ல ஒரு சைக்கிள் 10 நானோசெகண்ட், க்ளாக் எட்ஜ்ல இருந்து டேட்டா வெளிய வர அதிகபட்சம் 6 நானோசெகண்ட், மிச்சம் 4. பிசி133ல சைக்கிள் 7.5, டேட்டா வர 5.4, மிச்சம் வெறும் 2.1 நானோசெகண்ட். அந்த 2.1க்குள்ள சிக்னல் போர்டுல பயணம் பண்ணணும், கன்ட்ரோலரோட செட்டப் டைம் (எட்ஜுக்கு முன்னாடி டேட்டா வந்து நிலையா நிக்க வேண்டிய நேரம்) முடியணும், க்ளாக் ஸ்க்யூ (க்ளாக் ஒவ்வொரு இடத்துக்கும் வேற வேற நேரத்துல போய்ச் சேருறது) எல்லாத்தையும் அதுலயே அடக்கணும். சைக்கிள் சுருங்குற அளவுக்கு சிப்போட உள் லேட் சுருங்கல. இதே ரூட்டுல 200 மெகாஹெர்ட்ஸ், அதுவும் ரெண்டு எட்ஜ்லயும் டேட்டானு போனா, ஒரு பிட்டுக்கு 2.5 நானோசெகண்டுதான், சிப்போட உள் லேட் மட்டுமே அதை முழுங்கிடும்.

ஜூன் 2000ல வந்த டிடிஆர் ஸ்டாண்டர்டு இதுக்கு ரெண்டு வைத்தியம் சேத்து கொண்டு வந்துச்சு, ஒண்ணு சிப்புக்குள்ள டிஎல்எல், இன்னொண்ணு டேட்டாவோட கூடவே ஓடுற ஸ்ட்ரோப்.

டிஎல்எல்னா டிலே லாக்ட் லூப். பேர்லயே டிலே இருக்கு, லேட்ட குறைக்கிற சர்க்யூட்டுக்கு ஏன் டிலேனு பேருன்னு கேட்டா, அது லேட்ட குறைக்கிறதே இல்ல, இன்னும் கூட்டுது! ஒரு முள் கடிகாரம் 20 நிமிஷம் லேட்டா காட்டுதுன்னு வெச்சுக்கோங்க, முள்ள முன்னாடி தள்ள முடியாது, கொஞ்ச நேரம் நிறுத்தி வெக்க மட்டும்தான் முடியும். இன்னும் 11 மணி 40 நிமிஷம் நிறுத்தி வெச்சுட்டு ஓட விட்டா மொத்தம் 12 மணி நேரம் லேட், ஆனா பாக்குறவங்களுக்கு டைம் கரெக்டா தெரியும். டிஎல்எல் பண்றது அட்சரம் பிசகாம இதுதான். சும்மா உதாரணத்துக்கு, சைக்கிள் 5 நானோசெகண்ட், உள்ள பஃபரும் டிரைவரும் சேந்து 3 நானோசெகண்ட் தின்னுடுதுன்னா, நடுவுல ஒரு டிலே லைன் போட்டு இன்னொரு 2 நானோசெகண்ட் சேப்பாங்க, மொத்தம் 5, அதாவது சரியா ஒரு சைக்கிள் லேட். க்ளாக்ல ஒவ்வொரு சைக்கிளும் ஒரே மாதிரி இருக்கிறதால வெளிய இருந்து பாத்தா லேட்டே இல்லாத மாதிரி இருக்கும்.

அந்த 2 நானோசெகண்ட ஃபேக்டரியிலயே ஃபிக்ஸ் பண்ணி வெச்சுட வேண்டியதுதானேனு தோணும். முடியாது, ஏன்னா அந்த 3 நானோசெகண்ட் நிலையா நிக்காது. ஒரே வேஃபர்ல வந்த ரெண்டு சிப்புக்கு நடுவுல வித்தியாசம் இருக்கும், வோல்டேஜ் கொஞ்சம் இறங்கினா மாறும், சூடானா மாறும். அதனால லூப்பா வெக்கிறாங்க. உள்ள வர்ற க்ளாக்கையும், டிலே லைன் தாண்டி சுத்தி வர்ற க்ளாக்கையும் ஒரு ஃபேஸ் டிடெக்டர் ஒப்பிடும், சிம்பிளான டிசைன்ல அது ஒரு ஃப்ளிப்ஃப்ளாப்தான், நீ முந்தியா பிந்தியா, அவ்ளோதான் அதோட கேள்வி. முந்தினா கவுன்டர் ஒரு படி ஏறும், டிலே கூடும், பிந்தினா ஒரு படி இறங்கும். கொஞ்ச நேரத்துல ஒரு இடத்துல வந்து நின்னு, ஒரு படி மேல ஒரு படி கீழன்னு ஆடிக்கிட்டே இருக்கும், அதைத்தான் லாக் ஆயிடுச்சுன்னு சொல்றாங்க. சிப் சூடாகி பஃபர் மந்தமாச்சுன்னா லூப் தானாவே டிலே லைன்ல ரெண்டு படிய எடுத்துடும்.

இதுல ஒரு சின்ன தில்லுமுல்லு இருக்கு. நிஜமா ஒப்பிட வேண்டியது டேட்டா பின்னுல வர்ற எட்ஜத்தான், ஆனா டேட்டா பின் எப்பவும் ஆடிக்கிட்டு இருக்காது, யாராவது ரீட் பண்ணினாத்தான் ஆடும். அதனால அவுட்புட் டிரைவர், இன்புட் பஃபர் ரெண்டுக்கும் டூப்ளிகேட் ஒண்ண சிப்புக்குள்ளயே கட்டி, அதோட லேட்டத்தான் லூப் அளக்குது, ரெப்ளிகானு சொல்வாங்க. அசலுக்கும் டூப்ளிகேட்டுக்கும் எவ்ளோ வித்தியாசமோ அவ்ளோ பிழை கடைசி வரைக்கும் நிக்கும், லூப் எவ்ளோ புத்திசாலியா இருந்தாலும் அதைப் பாக்கவே முடியாது. டிராம் டிசைன் பண்றவங்க ரெப்ளிகாவுக்காக அவ்ளோ மெனக்கெடுறது இதனாலதான்.

ஏன் பிஎல்எல் (ஃபேஸ் லாக்ட் லூப்) போடலன்னு கேக்கலாம், ப்ராசஸர் பக்கம் எல்லாரும் அதைத்தானே போடுறாங்க. பிஎல்எல்ல சொந்தமா ஒரு ஆஸிலேட்டர் ஓடும், அதுல ஒரு சைக்கிள்ல விழுந்த சின்னப் பிழை அடுத்த சைக்கிளுக்கும் போகும், லூப் வந்து திருத்துற வரைக்கும் சேந்துக்கிட்டே இருக்கும். டிராம் சிப் வேற பயங்கர இரைச்சலான இடம், ஒரு ரோவ ஓப்பன் பண்ணினா ஆயிரக்கணக்கான சென்ஸ் ஆம்ப்ளிஃபயர் (செல்லோட சின்ன சிக்னல படிக்கிற சர்க்யூட்) ஒரே நேரத்துல கரன்ட்ட இழுக்கும், சப்ளை ஒரு குலுங்கு குலுங்கும். டிஎல்எல்ல ஆஸிலேட்டர் இல்லாததால அந்தக் குலுக்கல் அந்த சைக்கிளோட போயிடும். பதிலுக்கு, வெளிய இருந்து வர்ற க்ளாக்லயே ஜிட்டர் (எட்ஜ் முன்ன பின்ன ஆடுறது) இருந்தா டிஎல்எல் அதை வடிகட்டாது, அப்படியே கடத்தி விட்டுடும். டிடிஆர்2 சிப்புல டிஎல்எல்லுக்குன்னே தனியா ஒரு பவர் பின்னும் ஒரு க்ரவுண்ட் பின்னும் ஒதுக்கியிருந்தாங்க, பின் எண்ணிக்கைய ஒவ்வொண்ணா கஞ்சத்தனமா எண்ணுற மெமரி உலகத்துல அது பெரிய சலுகை.

டிஎல்எல்லுக்கு வேற செலவும் இருக்கு. லாக் ஆக நேரம் எடுக்கும், டிடிஆர்ல 200 சைக்கிள், டிடிஆர்3ல 512 சைக்கிள் காத்திருக்கணும்னு ஸ்டாண்டர்டே சொல்லுது. செல்ஃப் ரிஃப்ரெஷ்ல தூங்கப் போன சிப்ப எழுப்பினா உடனே ரீட் பண்ண முடியாததுக்கு இது ஒரு காரணம். சும்மா இருக்கும்போதும் கரன்ட் தின்னும், அதனால டிடிஆர்3ல பவர் டவுன் போகும்போது டிஎல்எல்ல நிறுத்திடலாமா வேணாமான்னு ஒரு செட்டிங்கே இருக்கு, நிறுத்தினா பவர் மிச்சம், ஆனா திரும்பி வர குறைஞ்சது 24 நானோசெகண்ட் ஆகும். இன்னொரு வேடிக்கை, டிஎல்எல் மெதுவான க்ளாக்ல வேலை செய்யாது. சைக்கிள் நீளமானா டிலே லைனும் நீளமா வேணும், அதுக்கு ஒரு எல்லை இருக்கு. டிடிஆர்3ல டிஎல்எல் ஓடுறதுக்கு சைக்கிள் 3.3 நானோசெகண்டுக்கு மேல போகக் கூடாது, அதாவது சுமார் 300 மெகாஹெர்ட்ஸ் கண்டிப்பா வேணும். டிஎல்எல்ல ஆஃப் பண்ணிட்டு ஓட்டலாம், ஆனா அது 125 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும்தான். நடுவுல 125ல இருந்து 300 வரைக்கும் ஸ்டாண்டர்டு படி யாருக்கும் சொந்தமில்லாத ஏரியா, எஃப்பிஜிஏல (நாமளே சர்க்யூட்ட மாத்தி எழுதிக்கிற சிப்) டிடிஆர்3ய மெதுவா ஓட்டிப் பாக்கலாம்னு நினைக்கிறவங்க முட்டிக்கிற இடம் அதுதான்.

லூப்பே வேணாம்னு ஒரு ரூட்டும் இருந்துச்சு. என்இசி இன்ஜினியர்கள் 1996ல சிங்க்ரனஸ் மிரர் டிலேனு ஒண்ணு காட்டினாங்க, லேட்ட ஒரு தடவ அளந்து அதையே கண்ணாடி பிம்பம் மாதிரி திருப்பிப் போடுறது, ரெண்டே சைக்கிள்ல சிங்க் ஆயிடும். அழகான ஐடியா, ஆனா லூப் இல்லாததால அளவுல விழுற பிழை அப்படியே நின்னுடும்.

ராம்பஸ் கதைய சொல்லாம இதைத் தாண்ட முடியாது. மைக் ஃபார்ம்வால்டும் மார்க் ஹோரோவிட்ஸும் 1990ல ஆரம்பிச்ச கம்பெனி, நின்டென்டோ 64, ப்ளேஸ்டேஷன் 2 ரெண்டுலயும் இருந்தது அவங்களோட மெமரிதான். டைரக்ட் ராம்பஸ்ல க்ளாக்க கையாண்ட விதம் எனக்கு இன்னைக்கும் பிடிச்ச டிசைன்கள்ல ஒண்ணு. க்ளாக் பஸ்ஸோட கடைசி முனையில கிளம்பும், எல்லா சிப்பையும் தொட்டுக்கிட்டு கன்ட்ரோலர் வரைக்கும் வரும், அங்க யூ டர்ன் அடிச்சு திரும்பவும் எல்லா சிப்பையும் தொட்டுக்கிட்டே போகும். ரீட் டேட்டா போற வழியோட சேந்து வர்ற க்ளாக்க பிடிச்சுக்கும், ரைட் டேட்டா திரும்பிப் போற க்ளாக்க பிடிச்சுக்கும், எந்த சிப் எவ்ளோ தூரத்துல இருந்தாலும் டேட்டாவும் க்ளாக்கும் ஒரே தூரம், ஒரே லேட். இதுக்காக ஸ்லாட்ட காலியா விடக் கூட முடியாது, லைன் அறுந்துடும்னு டம்மி கார்டு ஒண்ண சொருகி வெக்கணும். விலை, சூடு, லைசென்ஸ்னு பல காரணத்தால பிசி மார்க்கெட்ல டிடிஆர் ஜெயிச்சிடுச்சு. ஆனா சண்டை அதோட முடியல, சிப்புக்குள்ள பிஎல்எல் டிஎல்எல் வெக்கிறது, க்ளாக்கோட ரெண்டு எட்ஜையும் யூஸ் பண்றது உட்பட நாலு டெக்னாலஜி எங்க பேட்டன்ட்ன்னு ராம்பஸ் சொல்ல, ஜெடெக் மீட்டிங்ல உக்காந்துக்கிட்டே அதை மறைச்சுட்டாங்கன்னு அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷன் 2002ல கேஸ் போட்டாங்க, 2006ல ராம்பஸுக்கு எதிரா தீர்ப்பு, 2008ல அப்பீல் கோர்ட் அதை ரத்து பண்ணிடுச்சு. ஒரு டிலே லூப்புக்காக இவ்ளோ பெரிய வழக்கான்னா, ஆமா, அந்த லூப் இல்லாம பிசிக்கான ஒரு டிடிஆர் சிப் கூட விக்க முடியாது.

இப்போ ஸ்ட்ரோப்புக்கு வருவோம். டிடிஆர்ல பொதுவா எட்டு டேட்டா லைனுக்கு ஒரு டிக்யூஎஸ் லைன் இருக்கும், அதுதான் ஸ்ட்ரோப், டேட்டா யாரு அனுப்புறாங்களோ அவங்களே இதையும் ஆட்டுவாங்க. அனுப்பும்போது ரெண்டும் ஒண்ணா கிளம்புது, ஒண்ணா வந்து சேருது, அதனால வாங்குறவர் மெயின் க்ளாக்க கண்டுக்காம ஸ்ட்ரோப்ப மட்டும் பாத்து டேட்டாவ பிடிச்சா போதும். என்னைக் கேட்டா டிஎல்எல்ல விட பெரிய மாற்றம் இதுதான். டிஎல்எல் சிப்போட லேட்டத்தான் மறைக்கும், ஸ்ட்ரோப் போர்டு, வயர், கனெக்டர் எல்லாத்தோட லேட்டையும் ஒரே அடியில கணக்குல இருந்து தூக்கிடுது. ரீட்ல சிப் ஸ்ட்ரோப்பையும் டேட்டாவையும் எட்ஜுக்கு எட்ஜ் ஒட்டி அனுப்பும், நடுவுல பிடிக்கணும்னா கன்ட்ரோலர்தான் ஸ்ட்ரோப்ப கால் சைக்கிள் தள்ளிக்கணும். ரைட்ல கன்ட்ரோலரே ஸ்ட்ரோப்ப பிட்டோட நடுவுல வர்ற மாதிரி தள்ளி அனுப்பும். கஷ்டமான வேலை ரெண்டும் கன்ட்ரோலர் தலையில, சிப்புக்கு ஜாலி. இது தற்செயல் இல்ல, டிராம் ப்ராசஸ் கெப்பாசிட்டருக்காகவும் லீக்கேஜ குறைக்கவும் ட்யூன் பண்ணினது, ட்ரான்சிஸ்டர் மந்தம், மெட்டல் லேயர் கொஞ்சம்தான், விலையோ பைசா கணக்கு. கன்ட்ரோலர் நல்ல லாஜிக் ப்ராசஸ்ல இருக்கு, அங்க டிலே சர்க்யூட் போடுறது சல்லிசு.

ஆனா ஸ்ட்ரோப் எப்பவும் ஓடுற க்ளாக் இல்ல, டேட்டா போகும்போது மட்டும்தான் ஆடும், ரெண்டு பக்கமும் அதே லைனைத்தான் யூஸ் பண்றாங்க. சும்மா இருக்கும்போது லைன் அனாதையா மிதக்கும், அந்த நேரத்துல கன்ட்ரோலர் அதைக் கேட்டுக்கிட்டு இருந்தா இரைச்சலையே எட்ஜுன்னு நினைச்சுக்கும், லேட்டா கேக்க ஆரம்பிச்சா முதல் எட்ஜ விட்டுடும். அதனால சரியா எப்போ காதைத் திறக்கணும்னு கணக்கு போடணும், அதுக்குத்தான் டேட்டாவுக்கு முன்னாடி ப்ரீஆம்பிள்னு ஒரு சைக்கிள் ஸ்ட்ரோப்ப இறக்கி வெப்பாங்க, டிடிஆர்4ல வேணும்னா ரெண்டு சைக்கிளா நீட்டிக்கலாம். கமாண்ட் போய் டேட்டா திரும்பி வர்ற மொத்த நேரம் தெரிஞ்சாத்தான் இந்தக் கணக்கு வரும், அது போர்டுக்கு போர்டு மாறும், அதனால ஒவ்வொரு தடவயும் பூட் ஆகும்போது அளந்து பாக்கிற பழக்கம் வந்துச்சு, ட்ரெய்னிங்னு சொல்றது இதைத்தான்.

டிடிஆர்3 2007ல வந்தப்போ இந்த அளக்கிற வேலை இன்னும் கூடுச்சு. அதுவரைக்கும் ஒரு மாட்யூல்ல, அதாவது ராம் ஸ்டிக்ல, இருக்கிற எட்டு சிப்புக்கும் க்ளாக்கும் கமாண்டும் மரக்கிளை மாதிரி பிரிஞ்சு ஒரே நேரத்துல போய்ச் சேரும். ஆனா கிளை பிரியுற இடத்துல எல்லாம் சிக்னல் எதிரொலிக்கும், ஸ்பீடு கூடக் கூட அது தாங்கல. அதனால ஃப்ளை பை, ஒரே லைன் முதல் சிப்ப தொட்டு, ரெண்டாவது, மூணாவதுன்னு வரிசையா போய் கடைசில டெர்மினேட் ஆகும். சிக்னல் சுத்தமாச்சு, ஆனா சிங்க் போச்சு, 13 சென்டிமீட்டர் நீள மாட்யூல்ல முதல் சிப்புக்கும் கடைசி சிப்புக்கும் க்ளாக் வர்ற நேரத்துல கிட்டத்தட்ட ஒரு நானோசெகண்ட் வித்தியாசம் வரலாம், டிடிஆர்3 1600ல ஒரு சைக்கிளே 1.25தான். டேட்டா லைனோ ஒவ்வொரு சிப்புக்கும் நேரா போகுது. இதுக்கு கண்டுபிடிச்சதுதான் ரைட் லெவலிங். கன்ட்ரோலர் ஒரு சிப்புக்கு ஸ்ட்ரோப்ப தட்டும், அந்த நொடியில க்ளாக் மேல இருந்துச்சா கீழ இருந்துச்சான்னு பாத்து சிப் டேட்டா லைன்ல ஒண்ணோ சைபரோ திருப்பிச் சொல்லும், கன்ட்ரோலர் ஸ்ட்ரோப்ப கொஞ்சம் கொஞ்சமா தள்ளித் தள்ளித் தட்டும், சைபர்ல இருந்து ஒண்ணுக்கு மாறுற இடம் வந்தா ரெண்டு எட்ஜும் ஒட்டிடுச்சுன்னு அர்த்தம். கவனிச்சா இது டிஎல்எல் பண்ற அதே வேலைதான், சிப் வெறும் ஃபேஸ் டிடெக்டரா நிக்குது, டிலே லைனும் மூளையும் கன்ட்ரோலர்கிட்ட போயிடுச்சு.

மொபைல் பக்கம் இன்னும் துணிஞ்சு டிஎல்எல்லயே தூக்கிட்டாங்க, பேட்டரிதான் காரணம். எல்பிடிடிஆர்2ல (மொபைலுக்கான லோ பவர் டிடிஆர்) க்ளாக் வந்ததுல இருந்து ஸ்ட்ரோப் வெளிய வர 2.5ல இருந்து 5.5 நானோசெகண்டுக்குள்ள எப்ப வேணா வரலாம்னு ஸ்டாண்டர்டுல எழுதி வெச்சிருக்காங்க. டிஎல்எல் போட்டா அது மறைச்சு வெக்கிற நிஜ லேட் எவ்ளோன்னு பாக்கணும்னா இந்த ரேஞ்சப் பாத்தா போதும், 3 நானோசெகண்ட் ஆட்டம். எல்பிடிடிஆர்4ல ரைட் பக்கமும் இதே கூத்து, சிப்புக்குள்ள ஸ்ட்ரோப் போற வழியும் டேட்டா போற வழியும் சமமா இருக்காது, 200ல இருந்து 800 பிக்கோசெகண்ட் வரைக்கும் வித்தியாசம் இருக்கலாம், சூட்டுக்கு சூடு நகரும். சிப் அதை சரி பண்ணாது, உள்ள ஒரு ரிங் ஆஸிலேட்டர் ஓட்டி எத்தன தடவ சுத்துச்சுன்னு ஒரு ரிஜிஸ்டர்ல எழுதி வெக்கும், கன்ட்ரோலர் அப்பப்போ அதைப் படிச்சு, ஓ இவ்ளோ நகந்துடுச்சான்னு தன்னோட டிலேய மாத்திக்கும். நான் லேட்டு, எவ்ளோ லேட்டுன்னு நீயே பாத்துக்கோன்னு சிப் கைய விரிச்சுடுச்சு. 2019ல வந்த எல்பிடிடிஆர்5ல கமாண்டுக்கு ஒரு மெதுவான க்ளாக், டேட்டாவுக்கு அதை விட ரெண்டு மடங்கோ நாலு மடங்கோ வேகமா இன்னொரு க்ளாக்னு பிரிச்சு, வேகமானத டேட்டா போகும்போது மட்டும் ஓட்டுறாங்க, அப்புறம் அந்த ரெண்டு க்ளாக்கையும் ஒண்ணுக்கொண்ணு சிங்க் பண்ண ஒரு ட்ரெய்னிங்!

பிசிக்கு ஜூலை 2020ல வந்த டிடிஆர்5ல டிஎல்எல் இன்னும் இருக்கு. ஆனா 6400ல ஒரு பிட்டுக்கு 156 பிக்கோசெகண்ட், அதுக்குள்ள சிக்னல் போர்டுல ரெண்டேகால் சென்டிமீட்டர் மாதிரிதான் நகரும். ரெண்டு எட்ஜ்லயும் டேட்டா போறதால க்ளாக்கோட மேல் பாதியும் கீழ் பாதியும் சமமா இல்லன்னா ஒரு பிட் அகலமாவும் அடுத்தது ஒல்லியாவும் வரும், அதை சரி பண்ண சிப்புக்குள்ள ட்யூட்டி சைக்கிள் அட்ஜஸ்டர் வெச்சு, அதோட செட்டிங்கையும் கன்ட்ரோலரே தேடிக் கண்டுபிடிக்கணும்னு விட்டுட்டாங்க. புது டிடிஆர்5 பிசிய முதல் தடவ ஆன் பண்ணினா திரை கறுப்பாவே ரொம்ப நேரம் நின்னு, போர்டு செத்துடுச்சோன்னு பயம் காட்டுறது இந்தத் தேடல்னாலதான், ஒவ்வொரு லைனுக்கும் டிலேயயும் வோல்டேஜையும் மாத்தி மாத்தி எழுதிப் படிச்சு பாக்குது. ஏஎம்டி ஏஎம்5 போர்டுல மெமரி கான்டெக்ஸ்ட் ரீஸ்டோர்னு இருக்கிற ஆப்ஷன் இந்த ரிசல்ட்ட சேவ் பண்ணி வெச்சு அடுத்த பூட்ல திரும்ப அளக்காம விடுறதுக்கு, ஆன் பண்ணினா பூட் வேகம், சில ராமோட ஒத்துப்போகலன்னா ஆஃப் பண்ணித்தான் ஆகணும்.

அதுக்கும் மேல ஸ்பீடு போகப் போக மதர்போர்டு தாண்டி வர்ற க்ளாக்கே அழுக்காத்தான் வருது, டிஎல்எல் ஜிட்டர வடிகட்டாதுன்னு முன்னாடி சொன்னது இங்க வந்து கடிக்குது. அதனால 2024ல சியூடிம்னு ஒரு வகை மாட்யூல் கடைக்கு வந்துச்சு, ஸ்டிக் மேலயே ஒரு க்ளாக் டிரைவர் சிப், உள்ள பிஎல்எல், வர்ற க்ளாக்க சுத்தம் பண்ணி புதுசா ஓட்டி விடும். சர்வர் ராம்ல க்ளாக்க திரும்ப ஓட்டுற சிப் ரொம்ப வருஷமா இருக்கு, சாதா டெஸ்க்டாப்புக்கு இப்பதான் இறங்கியிருக்கு. இன்டெலோட கோர் அல்ட்ரா 200எஸ் சீரிஸ் இதை நேரடியா சப்போர்ட் பண்ணுது, பழைய ப்ராசஸர்ல சொருகினா அந்த சிப் பைபாஸ் மோடுல போயி சும்மா உக்காந்துக்கும், அப்போ அது சாதா டிடிஆர்5 ஸ்டிக்தான், அதுக்காக எக்ஸ்ட்ரா காசு கொடுக்க வேணாம்.